என் படத்தில் திருத்தணி

இன்று புத்தூரில் திருப்பதி பஸ் ஏறினேன். மடியில், கண்காட்சிக்குப் போகும் என் படம். பலகையில் மணலும் பசையும் குழைத்து மேடுபள்ளம் எழுப்பி, நீலமும் காவியும் ஊற்றி, சாய்த்து ஓடவிட்டது. எதையும் குறிப்பதல்ல.

வடமாலபேட்டை தாண்டியதும் சுற்றியிருந்த பேப்பர் காற்றில் பறந்தது.

பக்கத்து சீட்டில் நகரித் தறிக்காரர் ஒருவர், வயதானவர். எட்டிப் பார்த்தார். "மேப்பாம்மா? தோ, இது எங்க நகரி மலை."

முன் சீட்டு சத்தியவேட்டு விவசாயி திரும்பினார். "அப்ப இந்த நீலம்தான் பார்டரு. எங்க ஊரை ஆந்திராவுக்குக் குடுத்துட்டு திருத்தணியை வாங்கிக்கினாங்களே, கரெக்டா கீது."

"இன்னா கரெக்டு? முருகனைப் பாக்க ஸ்டேட் தாண்டிப் போய்க்கினு கீறோம்!" என்றார் தறிக்காரர்.

"ஐயா, இது மேப்பே இல்லை" என்றேன். இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

திருப்பதியில் இறங்கும் நேரம் தறிக்காரர், "இதை எனக்கு விலைக்குக் குடும்மா" என்றார். இதுவரை ஒரு படம்கூட விற்காதவள் நான். வாயெல்லாம் பல்.

"ஒரே ஒரு வேலை. அந்த நீலத்தைக் கொஞ்சம் தள்ளி ஊத்திடு. திருத்தணி இந்தாண்ட, எங்க ஆந்திரா பக்கம் வந்துடட்டும்."

"காஞ்சுபோச்சுங்க ஐயா. இனிமே நகராது."

"பார்டர் போட்டப்ப எங்க நைனா போய்க் கேட்டதுக்கும் ஆபீசருங்க இதையேதான் சொன்னாங்க" என்று இறங்கிப் போய்விட்டார்.

டப்பாவில் நீலம் இன்னும் பாதி இருக்கிறது. ஊற்றவா, வேண்டாமா? திருத்தணி நண்பர்கள் மட்டும் கமெண்ட் போடாதீர்கள்.