வலது பக்க ஸ்பிரிங்

என் கணவரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள், அவர் பேருக்கு ஒரு பெட்டி வந்தது. கடலூரில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொரியர்க்காரர் பந்தலைப் பார்த்தும், "சார் போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றார். உள்ளே போய் கணவரின் போனை எடுத்து எண்ணைப் பார்த்துச் சொன்னேன். அழுகை வரவில்லை. பெட்டி பயங்கர கனம். காரியத்துக்கு வந்த பாத்திரம் என்று நினைத்துச் சமையல்காரர்கள் அதை அண்டாக்களோடு சேர்த்து வைத்துவிட்டார்கள்.

உள்ளே இருந்தது எங்கள் பழைய அம்பாசடருக்கான புது சஸ்பென்ஷன். முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். கோயம்புத்தூரில் யாரோ செய்து விற்கிறார்களாம். எனக்காகத்தான் அவர் ஆர்டர் போட்டிருந்தார். நான் சிதம்பரத்தில் டீச்சர். தினமும் அவர்தான் கொண்டுபோய் விடுவார். வழியில் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அந்த வண்டி என் இடுப்பைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடும். "இதெல்லாம் ஒரு வண்டியா? பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு வேற வேல பாருங்க" என்று நான் கத்தாத நாள் கிடையாது. "இரு இரு, மெத்த மாதிரி பண்ணிக் குடுக்கறேன்" என்பார். மாரடைப்பு அவரை அதற்குள் கொண்டுபோய்விட்டது.

காரியம் முடிந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், பஸ் பிடித்து ஸ்கூலுக்குப் போனேன், பேப்பர் திருத்தினேன். சொந்தக்காரர்கள் என் காதுபடவே, "கல்லு மாதிரி இருக்கா பாரு" என்றார்கள். மற்ற நாளாக இருந்தால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்று கோபம்கூட வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தேன். இது இப்படியே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று யாரிடம் கேட்பது?

கொழுந்தனார் வண்டியை வாங்க ஆள் பிடித்துவிட்டார். "எதுக்கு அண்ணி இத வச்சிக்கினு அல்லாடறீங்க? பாண்டில ஒருத்தர் கேக்கறாரு. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கறாராம்." சரி என்றேன். அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் சரிதான். பெட்டி மட்டும் உறுத்தியது. வாங்கின சாமானை மாட்டாமல் விட்டால் எனக்கு ஆகாது, அது என் பிறவிக் குணம். மாட்டியே கொடுத்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை லீவு போட்டு, வண்டியை நானே ஓட்டிக்கொண்டு சிதம்பரம் போனேன். வழியெல்லாம் இடுப்பு வலித்தது. திட்டத் தோன்றவில்லை.

பைபாஸ் ஓரத்தில் இருக்கும் மெக்கானிக்குக் கல்யாணமான நாளிலிருந்தே எங்களைத் தெரியும். என் கணவர் அவருக்கு மாமா, நான் அக்கா. எங்கள் வண்டியில் கைவைக்க வேறு யாரையும் அவர் விட்டதில்லை. சாவுக்கு வந்தவர் உள்ளே வராமல் தெருவிலேயே நின்றுவிட்டுப் போனார். இப்போது என்னைப் பார்த்ததும் நேரே வண்டியிடம் வந்தார். பெட்டியைப் பிரித்தார், ஜாக்கி போட்டார், முன்சக்கரங்களைக் கழற்றினார். பழைய அம்பாசடர்களில் முன்பக்கம் ஸ்பிரிங் கிடையாது. அடியில் ஓடும் நீளமான இரும்புக் கம்பி முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். வலது பக்கக் கம்பி ஜாஸ்தி தளர்ந்திருந்தது. என் கணவர் நல்ல கனம். வருஷக்கணக்காக அந்தப் பக்கமே உட்கார்ந்து ஓட்டியதில் வண்டி எப்போதும் வலது பக்கம் சாய்ந்துதான் நிற்கும். ஸ்கூல் கேட்டிலிருந்து பார்த்தாலே எங்கள் வண்டி என்று தெரிந்துவிடும்.

நான் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டீ வந்தது, குடித்தேன். கம்பிகள் வெளியே வந்தன, ஸ்பிரிங்குகள் உள்ளே போயின. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் கீழே மரை வைத்த ஒரு வளையம். அதைத் திருகி ஏற்றினால் வண்டியின் அந்தப் பக்கம் உயரும். சாயங்காலம் வண்டியைக் கீழே இறக்கி பானட்டை அமுக்கிப் பார்த்தார். அழகாக இறங்கி ஏறியது. ஆனால் வலது பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

"என்னப்பா, இந்தப் பக்கம் தூக்கிக்கினு நிக்கிது?"

அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "அதுவாக்கா, நான்தான் கொஞ்சம் ஏத்தி வச்சிருக்கேன். மாமா உக்காந்தா சரியாயிடும்" என்றார்.

சொன்னது அவருக்கே அப்புறம்தான் உறைத்தது. துணி கையிலிருந்து விழுந்தது. "ஐயோ அக்கா... பழக்கத்துல... இருங்க, இப்பவே எறக்கிடறேன்" என்று ஸ்பேனரைத் தேடினார்.

"தொடாத!" என்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அத்தனை நாளுக்கப்புறம் என் குரல் எனக்கே கேட்டது.

கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். "உக்காந்துச்சா?"

அவர் குனிந்து பார்த்தார். "இல்லக்கா."

கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன். "இப்ப?"

"இல்லக்கா" என்றார்.

ஸ்டியரிங்மேல் தலையை வைத்து ஓவென்று அழுதேன். தெருவே பார்த்தது, பார்த்தால் பார்க்கட்டும். அவர் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார், எழுந்து போகவில்லை. மூக்கைச் சிந்திவிட்டுக் கொழுந்தனாருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, ஞாயித்துக்கெழம அந்தப் பாண்டிக்காரர வர வேணான்னு சொல்லிடுங்க."

"ஏன் அண்ணி, வேல முடியலயா?"

"வேலயெல்லாம் முடிஞ்சிது. வண்டிதான் இன்னும் உக்காரல."