அண்ணன் படித்த எலி ஆராய்ச்சி

கார் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளியில் அவளை எல்லோரும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கிளட்சை மிதிப்பதா விடுவதா என்று நடுரோட்டில் முழிக்கிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து கரைசேர்ப்பது அவள் தொழில். மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, மறுபடி வேலைக்கும் வந்துவிட்டாள். தூக்கம்தான் போய்விட்டது. கண்ணை மூடினால், கட்டி திரும்பவும் வந்துவிடுமோ என்ற பயம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். டாக்டர் நரம்பைச் சாந்தப்படுத்த ஒரு மாத்திரை எழுதித் தந்தார். அதைப் போட்டு நன்றாகத் தூங்கினாள்.

அது பொறுக்குமா அண்ணனுக்கு? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். கையில் போன், மனசு நிறையப் பாசம், நாள் முழுக்க நேரம். ‘நரம்பு மாத்திரைகள் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து மார்பகப் புற்றுநோயை வளர்க்குமா?’ என்ற செய்தியை வீடே அதிரப் படித்தார்.

“எலியில பாத்ததுன்னு கீழ போட்டிருக்காங்களேண்ணா.”

“எலிக்கே இந்தக் கதின்னா உன் கதி என்னம்மா?”

மாத்திரை அட்டை அவர் சட்டைப் பைக்குள் போனது. அடுத்த வாரமே இன்னொரு செய்தியோடு வந்தார். படபடப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கிற ஒரு மாத்திரையால் கட்டி வளர்வது குறைந்ததாம். தன் ரத்த அழுத்த மாத்திரையை நீட்டி, “இதப் போடு” என்றார்.

“இது வேற எலியாண்ணா?” என்று கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள்.

பல இரவுகள் தூங்காத பலன், பாடம் நடக்கும்போதே அவளுக்குக் கண் சொக்கிவிட்டது. கார் நடைபாதையில் ஏறி ஒரு கடை வாசலில் நின்றது.

“பிரேக் கரெக்டா போட்டேனா டீச்சர்?” என்று பெருமையாகக் கேட்டார் ஓட்டிய மாணவர்.

டாக்டரைப் போனில் பிடித்து, அண்ணன் படித்த செய்திகளைச் சொன்னாள். “மனுஷங்களுக்கு அது எப்படின்னு இன்னும் உறுதியாத் தெரியாதும்மா. தூங்காம வண்டியில உக்காந்தா என்ன ஆகும்னு தெரியும். என்னக் கேக்காம எதையும் நிறுத்தாதீங்க, எதையும் சேக்காதீங்க.”

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் சட்டைப் பையில் கை விட்டாள். அட்டையில் பாதி காலி.

“மாத்திரை எங்கண்ணா?”

அவர் தலை குனிந்தார். “உன்ன நெனச்சு நெனச்சு ராத்திரியில தூக்கமே வரலம்மா. அதான்...”

“அப்ப உங்க எதிர்ப்புச் சக்தி?”

“எனக்கு என்ன ஆனா என்ன? நீ இருந்தாப் போதும்.”

திட்டுவதற்கு வழி நெடுக யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே, மிச்ச மாத்திரைகளை எண்ணி எடுத்துப் பூட்டி வைத்தாள்.