சொர்ணலட்சுமி கேட்ட பாட்டு

திருத்தங்கல்லில் ரத்தினசாமிக்கு ஒரு அச்சாபீஸ் இருக்கிறது. வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற ஆபீஸ். பகலெல்லாம் மிஷினுக்குப் பக்கத்தில் நிற்பதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் அவருக்குச் சத்தமே ஆகாது. மிக்ஸி ஓடினால்கூட எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அவருடைய ஒரே மகள் ரோஷினிக்கோ பாட்டு இல்லாமல் பொழுது விடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதில் முக்கால்வாசி கொரியாப் பாட்டு. மிச்சம், பேசுகிறார்களா பாடுகிறார்களா என்று ரத்தினசாமிக்குப் பிடிபடாத தமிழ்ப் பாட்டு.

"ஒரு வார்த்தையாவது வெளங்குதா பாப்பா? வெளங்காததை எதுக்குக் கேக்க?"

"போன்ல கீழ அர்த்தம் ஓடும்ப்பா. வாசிச்சுக்கிடுவேன்."

"பாட்டை வாசிச்சா கேப்பாக?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுப் படுத்தவரின் தூக்கம் அந்தச் சத்தத்தில் கலைந்தது. எழுந்துபோய் அவளுடைய ஸ்பீக்கரை எடுத்து, ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். ரோஷினி அழுதாள். அவர் மனைவி சொர்ணலட்சுமி சோற்றுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னாள்: "சின்ன வயசுல ஒங்க டேப் ரெக்கார்டரை ஒங்க அப்பா பிடுங்கிக் கடையில கொண்டுபோய் வச்சப்போ, நீங்க ரெண்டு நாள் சாப்பிடாமக் கெடந்தீகளாம்ல? ஒங்க அக்கா சொல்லியிருக்காக."

"அது பாட்டு. இதுவும் அதுவும் ஒண்ணா?" என்று அவர் கத்தினார்.

பொங்கல் கழிந்து சில நாளில் சொர்ணலட்சுமிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்தியம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போய் மருந்து ஏற்றிவிட்டு வர வேண்டும். ரத்தினசாமியே காரை ஓட்டிக்கொண்டு போவார். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு ரோஷினியும் கூடவே போவாள். மனதுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று காரில் சாமி பாட்டைப் போட்டுவிடுவார். முதல் இரண்டு தடவை சொர்ணலட்சுமி கேட்டுக்கொண்டு வந்தாள். மூன்றாம் தடவை, விருதுநகர் தாண்டியதும், "அதை நிப்பாட்டுங்க" என்றாள்.

"ஏன், தலை வலிக்கா?"

"இதைக் கேட்டா என்னயக் கெடத்திப் போட்டுட்டு எல்லாரும் சுத்தி உக்காந்திருக்க மாதிரியே இருக்கு. நான் இன்னும் இருக்கேன்லா." பிறகு மகள் பக்கம் திரும்பி, "ஒன் பாட்டைப் போடு பாப்பா" என்றாள்.

ரோஷினி அப்பாவைப் பார்த்தாள். அவர் சாலையைப் பார்த்தார். பாட்டுப் போட்டாள்.

அன்றிலிருந்து மதுரைக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பாட்டுத்தான். தாயும் மகளும் பின்சீட்டில் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் சொர்ணலட்சுமி அர்த்தம் கேட்பாள்.

"இவன் என்ன சொல்லுதான்?"

"இன்னைக்கு மழையா இருக்கு, ஆனா நாளைக்குக் கண்டிப்பா வெயிலடிக்கும்னு சொல்றாங்கம்மா."

"வெயிலுக்கா பாட்டு? நம்ம ஊர்ல வந்து ஒரு மாசம் இருக்கச் சொல்லு. வெயிலே வேண்டாம்னு பாடுவான்."

இருவரும் சிரிப்பார்கள். மருந்து ஏற்றிய உடம்போடு, முடி கொட்டிய தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் சிரிப்பதை ரத்தினசாமி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. தன்னோடு பேசி அவள் இப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. சித்திரை வாக்கில், ஒரு பாட்டு முடிந்தால் அடுத்து எது வரும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பீரோவில் இருந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்து ரோஷினியின் மேசையில் வைத்தார்.

ஆவணியில் சொர்ணலட்சுமி இறந்துபோனாள். தீபாவளி ஆர்டர் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்த நேரம். மிஷினை நிறுத்திவிட்டு ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். சிவகாசி, சாத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். கூடத்தில் ஐஸ் பெட்டியில் அவளை வைத்திருந்தார்கள். ரத்தினசாமியின் அக்கா குருவம்மாள் தன் போனில் சாமி பாட்டைப் போட்டு, தலைமாட்டில் வைத்தாள்.

அதுவரை அழுதுகொண்டிருந்த ரோஷினி நிமிர்ந்தாள். "அத்தை, அதை நிப்பாட்டுங்க. அம்மாவுக்கு அது பிடிக்காது."

"சாமி பாட்டுப் பிடிக்காம போகுமா? சும்மா இரு தாயி."

"நெஜமாத்தான் அத்தை. அம்மாவே சொன்னாங்க."

"சாவு வீட்டுல என்ன பேச்சு பேசுதா பாரு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

ரோஷினி எழுந்து, ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் வந்தாள். "அப்பா, நீங்க சொல்லுங்க. நீங்களும்தான கேட்டீங்க? வேற பாட்டு எதுவும் போட வேண்டாம். அதை நிப்பாட்டச் சொன்னா மட்டும் போதும்."

கூடமே அவரைப் பார்த்தது. பெண்டாட்டி தலைமாட்டில் சாமி பாட்டை நிறுத்தச் சொன்னான் என்று பஜார் முழுக்கப் பேசுவார்கள் என்பது ஒரு கணம் அவர் மனதில் ஓடியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அழவும்தான் செய்தார். அவளை எடுக்கும் வரை அந்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

அதைப் பற்றி ரோஷினி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தாள், அவருக்குச் சமைத்துப் போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பாட்டுக் கேட்பதை மட்டும் அடியோடு விட்டுவிட்டாள். மாலையில் வீட்டுக்குள் நுழைந்தால் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "எதாச்சும் போடேன் பாப்பா. எம்புட்டுச் சத்தமா வேணாலும் வையி" என்றார். "படிக்கணும்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நல்ல மார்க் எடுத்தாள். கோயம்புத்தூரில் காலேஜ் கிடைத்தது. ஆடியில் ஒரு விடிகாலை, மெத்தையையும் வாளியையும் காரில் ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். அதே மதுரை ரோடு. ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற இடம் வந்தபோது ரோஷினி மற்றப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். அந்த இடம் கடந்து ரொம்ப தூரம் போன பிறகு ரத்தினசாமி வாயைத் திறந்தார்.

"அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும் பாப்பா."

எதைச் சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை.

"சொல்லியிருக்கலாம்ப்பா" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

ஹாஸ்டல் வாசலில் சாமான்களை இறக்கி வைத்தார். உள்ளே ஆண்களை விடவில்லை. "பாத்துப் போங்கப்பா, இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிருங்க" என்றாள். மெத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறிப் போனாள்.

இப்போது அவருக்குக் குருவம்மாள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் சாப்பாடு வருகிறது. சாயங்காலம் ஆபீஸ் பூட்டியதும் மகளுக்குப் போன் பேசுகிறார். சாப்பாடு, படிப்பு, அங்கே மழையா, இங்கே எப்படி என்று பேசுகிறார்கள். ஒருநாள், அறையில் கூட இருக்கிற பெண்களில் யாரோ போட்டிருந்த பாட்டு போனில் பின்னால் லேசாகக் கேட்டது. ரத்தினசாமி பேச்சை நிறுத்திவிட்டுக் காதை அழுத்தி வைத்துக் கேட்டார். அது காரில் கேட்ட பாட்டு இல்லை, வேறு ஏதோ பாட்டு.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் பாப்பா. நீ சொல்லு" என்றார்.