அக்கா எடுத்துக்கொள்ளாத போட்டோ

அக்கா இட்லியைப் பாலில் ஊறப்போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்குவாள். திருச்சி போய் வந்தால் நாலு நாளைக்கு அதுதான் அவள் சாப்பாடு. நான் எதிரில் உட்கார்ந்து முறுக்கைக் கடகடவென்று கடிப்பேன், வேண்டுமென்றேதான். எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பதினைந்து. ஒரு தடவைகூட அவள் என்னை வைததில்லை. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆண்கள் கடல் தாண்டிப் போய் வியாபாரம் பார்ப்பார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவார்கள். அக்காவுக்கு மேல்வரிசைப் பல் முன்னால் தூக்கிக்கொண்டிருக்கும். இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்து, பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, பதில் சொல்லாமலே போய்விட்டார்கள். பினாங்கில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பல்லுக்குக் கம்பி கட்டியிருப்பதைப் பார்த்திருந்த அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, ஊருக்கு வந்த சமயத்தில் அவளைத் திருச்சிப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். அப்பச்சி திரும்பக் கப்பலேறியதும் எங்கள் அம்மா, நாங்கள் ஆத்தா என்போம், மாதம் தவறாமல் எங்கள் இருவரையும் ரயிலில் அழைத்துப் போனாள்.

டாக்டர் ஒவ்வொரு தடவையும் கம்பியை இன்னும் கொஞ்சம் முறுக்குவார். அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டும். "அவசரப்பட்டாப் பல்லு ஆடிப்போயிரும்மா. அது நகர்ற வேகத்துக்குத்தான் நாம இருக்கணும்" என்பார். கம்பி குத்தி உள்கன்னமெல்லாம் புண். தெருப்பிள்ளைகள் கம்பிவாய் என்று பேர் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என் சுண்டுவிரலை எடுத்துத் தன் பல்மேல் வைத்து, "உள்ள போயிருக்காடி?" என்று கேட்பாள். சீண்டுவதற்காக இல்லை என்பேன். "அடுத்த மாசம் போயிரும்" என்பாள். இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது.

ஒரு நாள் கம்பியைக் கழற்றினார்கள். கண்ணாடியை அவள் கீழே வைக்கவே இல்லை. அதே மாதம், ஐந்து மைல் தள்ளியிருந்த ஊரிலிருந்து அவர்களாகவே பெண் கேட்டு வந்தார்கள், கல்யாணம் நிச்சயமானது. டாக்டர் மட்டும் ஒரு தகட்டைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்து, "பல்லுக்குப் பழைய எடம் மறக்காது. ஒரு வருஷம் இதை மாட்டிக்கிட்டே இருக்கணும், விட்டுறாதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான் அத்தனையையும் கல்யாணத்தில் பரப்பி வைக்க வேண்டும். குத்துவிளக்கு, ஊறுகாய் ஜாடி, ஊசி நூல் வரைக்கும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். டிரங்குப் பெட்டிக்குள் அந்த டப்பாவைப் பார்த்ததும் ஆத்தா வெடுக்கென்று வெளியே எடுத்துவிட்டாள். "இது என்னன்னு கேட்டா என்னத்தச் சொல்லுவேன்? பல்லைக் கட்டிப் பொண்ணைத் தள்ளிவிட்டோம்னு பேசுவாக. இங்கிட்டே ஒளிச்சு வையிடி, அவ திரும்பி வாரப்பக் குடுத்துக்கலாம்" என்று என் கையில் திணித்தாள். புளிப்பானைக்குப் பின்னால் வைத்தேன். இன்றைக்கு என் பேத்தி அதே மாதிரித் தகட்டை நாலு பேர் பார்க்கக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறாள். எனக்குத்தான் சோறு இறங்குவதில்லை.

நாலாம் நாள் பலகாரத் தட்டோடு அக்கா வீட்டுக்குப் போனோம். அவள் என்னைத் தனியே இழுத்து, "கொண்டாந்தியாடி?" என்றாள். "ஆத்தா வேணாமுன்னுருச்சு" என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற டப்பா. திருட்டுத்தனமாக மாங்காய் பறிக்கத் தெரிந்த எனக்கு, அதைக் கொண்டுபோக மட்டும் பயமாக இருந்தது.

மூன்றாம் வாரம் மாப்பிள்ளை பினாங்குக்குக் கப்பலேறினார். அதன்பிறகுதான் அக்காவை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்ததும் வராததுமாக டப்பாவைக் கேட்டாள். தகடு பல்லில் உட்காரவில்லை. ஒரு நூல் அளவுதான் விலகியிருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள், ஈறில் ரத்தம் வந்தது. அத்தனை மாதம் வலியைப் பொறுத்துக்கொண்டவள் அன்றைக்கு வாய்விட்டு அழுதாள். மறுபடி கம்பி கட்ட வேண்டுமென்றால் மாமியாரிடம் சொல்லியாக வேண்டும். ஆத்தா சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை வர மூன்று வருஷம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

ஒரு வருஷத்தில் பல் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மாப்பிள்ளை எழுதிய கடிதங்களிலெல்லாம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார். புதுக்கோட்டையில் ஸ்டுடியோ இருந்தது. அக்கா தலைவலி என்றாள், நல்ல சேலை இல்லை என்றாள். "அவுக வந்து நேர்லயே பார்த்துக்கிறட்டும், அதுக்குள்ள எப்படியாச்சும் சரி பண்ணிருவேன்" என்று என்னிடம் சொன்னாள். அப்புறம் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். கடிதம் நின்றது. சண்டை முடிவதற்குள் அக்கா விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். எரிக்கும்போது அவளுக்கு இருபத்திரண்டு வயதுகூட ஆகவில்லை.

அத்தான் சண்டைக்குப் பிறகு எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டு, "ஒங்க அக்கா படம் ஒண்ணுகூடவா இல்ல?" என்று கேட்டார். எனக்கு அதற்குமேல் மறைக்க முடியவில்லை. கம்பி, டப்பா, புளிப்பானை எல்லாவற்றையும் சொன்னேன். "பல்லு திரும்ப முன்னால வந்துருச்சு அத்தான். நீங்க பார்த்தா வெறுத்துருவீகன்னு எடுத்துக்கிறல" என்றேன்.



"குடுமியான்மலைக் கோயில்ல, கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாடியே அவளைப் பார்த்திருக்கேன்" என்றார். "பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு நின்னா. அதைப் பார்த்துத்தான், பினாங்கு போய்த் திரும்பி வந்ததுமே எங்க வீட்டுல சொல்லிப் பொண்ணு கேக்க வச்சேன். கல்யாணத்தன்னிக்கு மொகம் வேற மாதிரி இருந்துச்சு. கேக்கக் கூச்சமா இருந்துச்சு. போட்டோ வந்தா அந்தப் பழைய சிரிப்பு இருக்கான்னு பார்க்கலாமேன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

சொல்லிவிட்டு அவர் அழுதார். நான் அழவில்லை. அக்கா கேட்க வேண்டிய வார்த்தையை, அவளுக்குப் பதிலாக நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.