மோட்டார் தானே ஓடிய சாயங்காலம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். குளச்சலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் தினமும் சொல்கிற வாய் இது. அதனால் நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

வீடு இனயத்தில். என் வீட்டுக்காரர் ஜெரால்ட் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர், போனால் வாரக்கணக்கில் கடல்தான். கரை நெருங்கி டவர் கிடைத்ததும் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, மோட்டாரப் போடு" என்பார், அவ்வளவுதான் பேச்சு. வந்ததும் அடுக்களையில் போனைச் சார்ஜில் செருகிவிட்டு நேரே பின்பக்கக் குழாயடிக்குப் போவார். உப்பெல்லாம் போகக் குளித்த பிறகுதான் மனுஷன் முகத்தைப் பார்ப்பார்.

நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது வந்துவிட்டால் மோட்டார் போட ஆளில்லை, கூட இருக்கிற மாமிக்கு, அவரைப் பெற்றவர்களுக்கு, ஸ்விட்ச் என்றாலே பயம். அதற்காகத்தான் ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றி, வீட்டுக்கென்று ஒரு சர்வர் செய்து, மோட்டார் ஸ்விட்சை அதோடு இணைத்து, திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வைத்தேன். அவருடைய போன் வீட்டு வைஃபையில் சேர்ந்தால் போதும், மோட்டார் ஓடும், ஒரு குளியலுக்குக் காணுகிற நேரம் ஓடி நிற்கும். "நீதான் எந்திரிக்க மாட்ட, நான் வந்தா மோட்டாராவது எந்திச்சு நிக்குதுல்லா" என்று என்னைக் கேலி செய்வார். திரையில் எங்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே 'வீட்டில்' அல்லது 'வெளியே' என்று காட்டும், போனில் எவ்வளவு சார்ஜ் என்றும் காட்டும்.

போன மழைக்காலத்தில் காற்றில் போட் கவிழ்ந்துவிட்டது. கூடப் போனவர்களைக் கரை சேர்த்தார்கள். அவர் மட்டும் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை, போனும் அவரோடு போயிற்று. சர்வருக்குச் சாவு தெரியாது, அது மாதக்கணக்கில் 'வெளியே' என்றே காட்டியது. நானும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், உயிர் போகாமல் இருந்ததற்கு அந்த ஒரு சொல்தான் காரணம்.

உறவுக்காரர்கள் கூடி இறந்தோர் பூசைக்கு நாள் குறித்தார்கள். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளயக் குளிப்பாட்டாம எப்பிடி பூச வைப்பிய? எம்மவன் உப்போட கெடக்கான்" என்று அழுதார்கள். எங்கள் பக்கம் இறந்தவரைக் குளிப்பாட்டி உடுத்திதான் கோவிலுக்கு எடுப்போம், அந்தக் குறை அவர்களை அரித்துக்கொண்டே இருந்தது. பூசைக்கு வரமாட்டேன் என்றுவிட்டார்கள். தாய் இல்லாமல் மகனுக்கு என்ன பூசை?

முந்தின நாள் சாயங்காலம். மாமி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அவருடைய பெயரைச் சர்வரிலிருந்து எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாளைக்குப் பூசையை வைத்துக்கொண்டு இன்றைக்கு 'வெளியே' என்று பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை. அழிக்கப் போகும்போது பின்பக்கம் மோட்டார் ஓடத் தொடங்கியது. கடல்காற்றுக்கு ஸ்விட்ச் ஒட்டிக்கொள்ளும், அதுதான் என்று நினைத்துத் திரையைப் பார்த்தேன். ஜெரால்ட், வீட்டில்.

மாமி செபமாலையை நிறுத்தினார்கள். "மோளே, அவன் வந்துட்டான்."

கொடியில் கிடந்த துவர்த்துத் துண்டையும் அவர் இடுப்பில் கட்டுகிற சாரத்தையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள், நானும் போனேன். குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, குளிக்கிற கல்லில் ஆளில்லை. மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, "பைய குளி மக்கா, தண்ணி நெறைய கெடக்கு" என்றார்கள். நானும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மோட்டாரை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. தன் நேரத்துக்கு ஓடி, தானே நின்றது.

மாமி துவர்த்தைக் கொடியில் விரித்துப் போட்டார்கள். அது நனைந்திருந்தது. குழாய்த் தண்ணீர் தெறித்திருக்கும். "குளிச்சுட்டான். இனி நானும் வாறேன் மோளே, பூச வைக்கட்டும்" என்றார்கள். உள்ளே வந்து பார்த்தால் அவர் பெயருக்கு நேரே 'வெளியே' என்றிருந்தது.

மறுநாள் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு பூசை முழுக்க இருந்தார்கள், அழவே இல்லை.

நான் விடவில்லை, தேடினேன். ஸ்விட்சை மாற்றினேன், பாஸ்வேர்டை மாற்றினேன், வெளியிலிருந்து யாராவது உள்ளே நுழைந்தார்களா என்று பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கூட வேலை பார்க்கிற சார் ஒருவர் சாஃப்ட்வேரில் கோளாறு என்றார். இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும்.

ஆனால் ஒன்று. கடைசியாகத் தொழிலுக்குப் போன அன்று அவர் போனில் சார்ஜ் பாதிகூட இல்லை, அவசரத்தில் செருக மறந்துவிட்டார், இத்தனை மாதமும் திரையில் அந்த அளவுதான் இருந்தது. அந்தச் சாயங்காலத்திலிருந்து முழுசாகக் காட்டுகிறது. ஒரு குளியல் நேரத்தில் எந்தப் போனும் அப்படி ஏறாது, அது எனக்குத் தெரியும். அவர் பெயரை நான் இன்னும் அழிக்கவில்லை, மோட்டாரும் அதற்குப் பிறகு தானாக ஓடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். சார்ஜ் முழுசாக இருக்கிறது. அப்புறம் ஏன் என்னை ஒருதரம் கூப்பிடவில்லை?