எனக்கு எது எதிர்ப்பக்கம்?

என்னைவிடப் பத்து வயதாவது இளையவரான டீச்சர், வகுப்பில் என்னைச் ‘சேச்சி’ என்று அழைக்கிறார். யாரோ அக்காவைக் கூப்பிடுகிறார் என்று இன்னமும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். கம்பத்தில் நான் பிளஸ் டூ படித்தபோது வாத்தியார் கேட்டால் எழுந்து ஒப்பிப்போம், உட்காருவோம், அவ்வளவுதான். கல்யாணமாகி கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்து, கணவரோடு இட்லிக் கடை நடத்தி, மகள் காக்கநாட்டில் வேலைக்குப் போன பிறகு, ஞாயிறு வகுப்பில் பட்டம் படிக்கச் சேர்ந்தேன். முதல் பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தேன். “அது புஸ்தகம் பறஞ்ஞது. சேச்சி எந்து பறயுன்னு?” என்றார் டீச்சர். நான் என்ன சொல்கிறேன் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

போன மாதம், முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி அவரவருக்கு எதிர்ப்பக்கம் நின்று பேசச் சொன்னார். எங்கள் அண்ணன் வயலுக்குப் பாய்வது அந்தத் தண்ணீர். அணை உடைந்தால் கொச்சி வரை போய்விடும் என்று கடையில் பேச்சு வந்தால், சட்னியை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவேன். இப்போது அந்தப் பேச்சை நானே பேச வேண்டும். வேறு வழியில்லாமல் சாப்பிட வருகிறவர்களிடம் விசாரித்தேன். தோப்பும்படி ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் ஒருவருக்கு அணைக்குக் கீழே ஊர். மழை வலுத்தால் தன் அம்மா மாற்றுத்துணியைப் பையில் எடுத்துவைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார் என்றார். வீம்புக்குப் பேசுகிறார்கள் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

வகுப்பில் அந்த அம்மாவைப் பற்றித்தான் சொன்னேன். டீச்சர் குழம்பிப்போனார். “சேச்சி, அது நம்முடெ பக்ஷமல்லே? மறுபக்ஷமல்லே பறயேண்டது?”

எனக்கு எதிர்ப்பக்கம் தமிழ்நாடு என்று அவர் நினைத்திருக்கிறார். இட்லிக் கடைக்காரியைத் தங்களில் ஒருத்தியாகவே எண்ணியிருக்கிறார். கண் நிறைந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது, அண்ணனை விட்டுக்கொடுத்துவிட்டது போலவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு மறுபக்கத்தையும் பேசுங்கள் என்றார். நம் பக்கம்தானே, சுலபம் என்று உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. எதைச் சொன்னாலும் துணிப்பையோடு அந்த அம்மா குறுக்கே வந்தார். அண்ணனுக்குப் போன் போட்டு, தண்ணீர் வராமல் போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

“என்னத்தச் செய்ய? வயல வித்துட்டுத் திருப்பூருக்குக் கெளம்ப வேண்டியதுதான்” என்றார். இங்கே தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“ஏம்மா, அங்கிட்டு நீ பயமில்லாமத் தூங்குறியா?”

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அணை நிரம்பப் பெய்யட்டும் என்றும், இதோடு நின்றுவிடட்டும் என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டேன்.