அண்ணன் போன அன்று எடுத்த பால்பல்

மதினி ஊரிலிருந்து போன் செய்தபோது, கடல் தாண்டி இந்தத் தீவில், டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியின் குவார்ட்டர்ஸில் காலைச் சமையலை முடித்திருந்தேன். "அண்ணன் போயிட்டாவ" என்றாள். குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். "சாயங்காலமே எடுத்துருவாவ. உன்னால வர முடியுமா?"

அன்றைக்கு எந்த விமானத்திலும் இடமில்லை. மறுநாள் காலையில்தான் கிடைத்தது. நான் திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மதினியிடம் சொன்னேன். "சரி, பாத்து வா" என்றாள்.

வீட்டில் இருந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. சாதத்தைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே நான் பல் டாக்டர். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள்.

முதலில் வந்தது தெற்கே ஹட் பே துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்திருந்த ஒரு பெண்ணும் அவளுடைய ஏழு வயது மகளும். இந்தியில் ஆரம்பித்தவள், என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். குழந்தைக்கு வலது கன்னம் வீங்கியிருந்தது. மேல்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று பாதிக்கு மேல் சொத்தை. ஈறில் சீழ் கட்டியிருந்தது.

"எடுத்துட்டா மறுபடி முளைக்காதே மேடம்? இவ்வளவு பெரிசா இருக்கு, பால்பல்லா இது?"

"பால்பல்தாம்மா. பால்பல்லுலயே இதுதான் பெரிசு. பின்னால முளைக்கிற நிலையான பல்லு மாதிரியே இருக்கும்."

எக்ஸ்ரேயைக் காட்டினேன். இந்தப் பல்லுக்கு மூன்று வேர்கள். இரண்டு கன்னப் பக்கம், ஒன்று அண்ணத்தின் பக்கம். மெலிந்து, நன்றாக அகன்று நிற்கும். நடுவில் இருக்கும் இடத்தில்தான் அடுத்த பல்லின் மொட்டு வளர்கிறது. பிடுங்கும்போது அதற்கு எதுவும் ஆகிவிடக் கூடாது. இதையெல்லாம் ஏதோ வகுப்பில் ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

மரத்துப்போக ஊசி போட்டேன். அண்ணத்தில் குத்தும்போது குழந்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, "உதடு வீங்கிடுச்சா?" என்று கேட்டது.

"இல்ல பாப்பா. அப்படித் தோணும். கடிச்சுப் பாக்காத."

பல்லைக் கன்னப் பக்கமாக மெல்ல அசைத்து, பிறகு உள்பக்கம் அசைத்தேன். வந்துவிட்டது. துடைத்துப் பார்த்தால் அண்ணத்துப் பக்க வேரின் நுனி இல்லை. உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது. நோண்டினால் மொட்டில் படலாம். விட்டுவிட்டேன்.

"ஒரு சின்னத் துண்டு உள்ள நிக்குதும்மா. தோண்டி எடுத்தா புதுப் பல்லுக்கு ஆபத்து. பெரும்பாலும் தானா கரைஞ்சிரும். வலிச்சாலோ வீங்கினாலோ உடனே கூட்டிட்டு வாங்க."

அவள் குழந்தையைப் பார்த்தாள். "நீங்க சொன்னா சரி மேடம். புதுசு எப்ப வரும்?"

"பத்து, பதினொண்ணு வயசாகும்."

பிறகு வேறு நோயாளிகள் வந்தார்கள். மதியம் கொண்டுபோன சாதத்தைச் சாப்பிட்டேன். மாலையில் அண்ணன் மகன் வீடியோ காலில் கூப்பிட்டான். படம் விட்டுவிட்டு வந்தது. மாலைகளும், யாருடைய முதுகோ ஒன்றும், அண்ணனின் நெற்றியும் தெரிந்தன. தூக்கும்போது லைன் போய்விட்டது. திரும்ப நான் கூப்பிடவில்லை.

மறுநாள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மதினி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. முற்றத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். சித்தப்பா எழுந்து பக்கத்தில் வந்தார். அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு மாசமா இந்தப் பக்கம் மெல்ல முடியல, தாயி" என்றார்.

ஓரமாக அழைத்துப்போய் வாயைத் திறக்கச் சொன்னேன். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். கீழ்ப்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"எடுத்துறணும் சித்தப்பா."

"காரியம் முடியட்டும்" என்றார். உள்ளேயிருந்து யாரோ காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன்.